வெயிலில் நின்ற வண்டியும் நான் எழுதிய நாலு வரியும்

"இதுக்கு மேல நீங்களே படிங்க சார்" என்று சொல்லி, போனை என் பக்கம் நீட்டினார் பாத்திமா.

குமணன்சாவடியில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன சீட் கவர் கடை அது. கத்திரி வெயில். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. கடையில் ஒரு ஷட்டர்தான் திறந்திருந்தது. பக்கத்து ஷட்டரில் யாரோ கரும்பு ஜூஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போன முறை வந்தபோது இரண்டு ஷட்டருமே இவர்களுடையவை.

அதுவரை பாத்திமா படித்தது நான் எழுதியதுதான். அவருடைய கணவர் ஜாபரின் வேலையைப் பற்றி நாலு வரி. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். மூன்று வரி முடிந்ததும் நிறுத்திவிட்டார்.

"எழுத்து நல்லாக்கீது சார். அவருக்கும் படிச்சுக் காட்டுனேன். அவரும் அதாஞ் சொன்னாரு" என்றார்.

எத்தனையோ பேர் என் எழுத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்தப் பத்திரிகைக்கே கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதைக் கேட்டபோது எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

கோபத்தின் பூர்வீகம்

முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் கோபம் பழக்கம்தான். ரேஷன் கடை எடைக்கல், பாதி கட்டி நிற்கும் மேம்பாலம், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் என்று எல்லாவற்றோடும் சண்டை போட்டவன் நான். இந்த வாரமும் கோபம்தான். யார் மேல் என்பதைப் படித்துக்கொண்டு வாருங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பெயின்ட் அடித்த இரும்புப் பாகங்கள் சங்கிலியில் தொங்கியபடியே ஓவனுக்குள் போய், வெந்து, மறுபக்கம் வெளியே வரும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். புதுப் பெயின்டை இப்படிப் போட்டு வேக வைக்கிறீர்களே, கெட்டுப்போகாதா?

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வேன்: "இங்க வேகலன்னா வெளிய உரியும் சார்."

இருபது வருஷத்துக்கும் மேலாக இதே பதில். சில பேர் நோட்டில் எழுதிக்கொண்டுகூடப் போனார்கள்.

ஒரு சமயம் புதிதாக வந்த மேனேஜர், ஆர்டர் நெருக்குகிறது என்று பாகங்களைப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஓவனிலிருந்து எடுக்கச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கான்டீன் கரும்பலகையில் இட்லி, வடை விலைக்குக் கீழே நாலு வரி எழுதினேன். எஸ்டேட் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த மாதமே பெயின்ட் உரிந்த மால் லாரி நிறையத் திரும்பி வந்தது. நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது.

அதிலிருந்து எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. என் கோபம் தப்பாது, அதை எழுதிவிட்டால் இன்னும் தப்பாது என்று முடிவு கட்டிவிட்டேன். யாராவது அன்றைக்கே என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம்.

கிரீம் கலர் பத்மினி

என்னிடம் இருப்பது ஒரு பழைய பத்மினி கார். வில்லிவாக்கத்தில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர், கிரீம் கலர், கதவைச் சாத்தினால் ஒரு நல்ல சத்தம். இன்றைக்கும் திருமுல்லைவாயலிலிருந்து ஆவடி மார்க்கெட்டுக்கு அதில்தான் போகிறேன். ஃப்ளாட்டில் குடியிருக்கும் இளைஞர்கள், "இத ஏன் சார் இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறும். வைத்துக்கொண்டிருக்கிறவனிடம் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பது என்ன நாகரிகம்?

வண்டியில் ஒரே குறை டாஷ்போர்டு. மேலே ஒட்டியிருந்த ரெக்சின் வெடித்து, உள்ளே ஸ்பாஞ்ச் மக்கிவிட்டது. பிரேக் போட்டால் மஞ்சள் தூள் முழங்காலில் கொட்டும். வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் மஞ்சள் பூசியவன் மாதிரி இறங்குவேன். அந்த வெடிப்புக்கு நடுவில், கண்ணாடியை ஒட்டி, ஒரு விரல் உயரத்துக்கு ஒரு பித்தளைப் பிள்ளையார். வண்டி வாங்கின அன்று என் மனைவி விமலா ஒட்டி வைத்தது.

ஓய்வு பெற்ற பிறகு, டாஷ்போர்டுக்கு அசல் தோல் போட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்தது. விசாரித்ததில் ஜாபரின் பெயர் வந்தது. நாற்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். டாஷ்போர்டு முழுக்க ஒரு முறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். என்னைப் பெரியமேட்டுக்கு அழைத்துக்கொண்டு போய், பத்துக் கடை ஏறி இறங்கி, ஒரு தோலைப் பொறுக்கி எடுத்தார். அந்த நிதானம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஃப்ளாட்டில் ஆறு வீட்டுக்காரர்களிடம் இவரைக் கைகாட்டினேன். அவர்களும் சீட் கவருக்குச் சொல்லிவைத்தார்கள். ஜாபர் அதை நம்பித்தான் பக்கத்து ஷட்டரையும் வாடகைக்கு எடுத்து, இன்னொரு மெஷின் போட்டார்.

வண்டியை விட்ட அன்று அவர் ஒன்றுதான் சொன்னார். "நாலு நாள் வண்டி இங்கியே நிக்கட்டும் சார். நானே கூப்புடறேன். நடுவுல வராதீங்க."

வராதீங்க என்று சொன்னால் நான் போவேன் என்பது அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஒரு மணி

மூன்றாம் நாள் போனேன். வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி.

கடைக்கு எதிரே, மரமில்லாத இடத்தில், என் வண்டி கொளுத்தும் வெயிலில் நின்றது. நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வண்டியை நான் வெயிலில் நிறுத்தியதே கிடையாது. நிழல் இல்லாத வீட்டு விசேஷத்துக்கு ஆட்டோவில் போகிறவன் நான்.

கதவில் கை வைத்தேன், சுட்டது. எட்டிப் பார்த்தால், பெரியமேட்டில் பொறுக்கி எடுத்த என் தோல் டாஷ்போர்டு மேல் சும்மா கிடந்தது. தைக்கவில்லை, ஒட்டவில்லை. ஓரமெல்லாம் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப். மேலே நாலைந்து மணல் பைகள். தோல் நீரில் நனைந்து காய்ந்த மாதிரி சுருங்கிக் கிடந்தது. பிள்ளையாரைக் காணோம்.

கடையில் ஒரு ஆளும் இல்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பள்ளிவாசலுக்குப் போய்க்கீறாரு நைனா. ரெண்டு மணிக்கு வந்துருவாரு. டீ குடிக்கிறியா?"

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஜாபர் எங்கே இருப்பார் என்று அங்கே டீ குடிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். டீயும் குடித்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

நான் பத்து நிமிஷம் நின்றேன். பிறகு பையிலிருந்த இன்னொரு சாவியைப் போட்டு, மணல் பைகளைப் பிளாட்பாரத்தில் வீசிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எடுக்கும் முன் நாலைந்து போட்டோ பிடித்தேன்.

நாலு வரி

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதினேன். ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் ஒன்று, அந்தக் கடையைத் தேடுகிறவர்கள் பார்க்கும்படி இணையத்தில் ஒன்று. ஒற்றை நட்சத்திரம். எழுதியது இதுதான்:

"வண்டியை வெயிலில் போட்டுவிட்டு ஆளே காணோம். விலை உயர்ந்த தோலைத் துணி கிளிப் போட்டு வடாம் மாதிரி காய வைத்திருக்கிறார்கள். இவர்களிடம் காரைக் கொடுப்பதற்குக் காயலான் கடையில் கொடுக்கலாம். டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைக்கூடக் காணவில்லை."

எழுதி முடித்ததும் எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. 'வடாம்' நன்றாக விழுந்திருக்கிறது என்று விமலாவிடம் படித்துக் காட்டினேன்.

ஜாபர் ஆறு முறை கூப்பிட்டார். ஒரு முறைதான் எடுத்தேன். "சார், நான் சொல்றத ஒரு நிமிசம்..." என்றார். வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே விமலா வண்டியைத் துடைக்கப் போனாள். பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருக்கும் சாமான் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால் பிள்ளையார். பழைய பசையெல்லாம் சுரண்டி, புளி போட்டுத் தேய்த்த மாதிரி பளபளவென்று இருந்தார். மஞ்சள் துணி புதுசு.

"அந்தப் பதிவ மாத்துங்க" என்றாள்.

நான் மாற்றவில்லை. அதற்குள் நூறு பேருக்கு மேல் கை தட்டியிருந்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நாளைக்கும் பார்க்கவில்லை. இதற்கு ஒரு சமாதானமும் என்னிடம் கிடையாது.

நாலு நாள் கழித்து முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் என் மைத்துனன், நான் எழுதியது என்று தெரியாமலேயே, என் நாலு வரியை எனக்கே அனுப்பினான். "மாமா, நீங்க பூந்தமல்லி பக்கம் வண்டி விடுவீங்களே, ஜாக்கிரதை" என்று ஒரு குறிப்பு. நாலு வரிக்கு மேலே யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "இனிமேல் நம்ம ஆளுங்க கடைக்கே போங்க."

அந்த வரி நான் எழுதியது அல்ல. ஆனால் அது உட்கார இடம் போட்டுக் கொடுத்தது என்னுடைய நாலாவது வரி. அதைப் படித்த அன்றுதான் பதிவை அழித்தேன். அழித்து என்ன? போக வேண்டிய இடத்துக்கெல்லாம் அது போய்விட்டிருந்தது.

குளுகுளு கடை

நியாயமாக அன்றே குமணன்சாவடிக்குப் போயிருக்க வேண்டும். எனக்குக் கூச்சம். கூச்சம் என்பது மரியாதையான வார்த்தை. பயம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அதே தோலை எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் ஒரு ஏசி கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, காபி, கையுறை போட்ட பையன்கள். காலையில் விட்ட வண்டியை மத்தியானமே கொடுத்துவிட்டார்கள். டாஷ்போர்டு அம்சமாக இருந்தது. மீட்டருக்கு மேலே இரட்டைத் தையல். பிள்ளையாரை ஏதோ பசை போட்டு மூலையில் ஒட்டிவிட்டிருந்தார்கள்.

"பார்த்தியா? நாலு நாளாம் நாலு நாள்" என்று விமலாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேப்பம்பட்டு

கத்திரி தொடங்கின முதல் வாரம், வேப்பம்பட்டில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. புது நகர், ஒரு மரம் கிடையாது. விமலா ஆட்டோவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் வண்டியை வெயிலில் நிறுத்தினேன். சாப்பாடு முடிந்து வர மூன்று மணி நேரம்.

கதவைத் திறந்தால், கண்ணாடி ஓரத்தில் தோல் சுருங்கி, அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. மீட்டருக்கு மேலே தையல் வாய் பிளந்திருந்தது. பிள்ளையார் பசையோடு கழன்று கீழே காலடியில் கிடந்தார்.

விமலா குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.

அம்பத்தூர் கடைக்குப் போனேன். கையுறை போட்ட பையன் சொன்னான்: "வெயில்ல நிறுத்துனா அப்படித்தான் சார் ஆகும். தோல் சுருங்கும்ல."

எனக்குக் கோபம் கொப்பளித்துக்கொண்டு வந்தது. மெட்ராஸில் கார் வைத்துக்கொண்டு வெயிலில் நிறுத்தாமல் எங்கேயப்பா நிறுத்துவது? வெயில் பட்டால் சுருங்கும் என்று தெரிந்தால், அதை முன்னாலேயே சுருங்க வைத்துவிட்டுத் தைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன்.

கத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டேன்.

கண்ணாடி ஏற்றிய கார். உள்ளே நனைத்துப் போட்ட தோல். நகராமல் இருக்க மணல் பை, ஓரத்துக்குக் கிளிப். நாலு நாள். சுருங்க வேண்டியதெல்லாம் அங்கேயே சுருங்கி, டாஷ்போர்டின் மேடு பள்ளம் படிந்த பிறகு தைப்பதற்காக. ஜாபர் என் வண்டியையே ஓவனாக்கி வைத்திருக்கிறார்.

இங்க வேகலன்னா வெளிய உரியும் என்று இருபது வருஷம் ஊருக்குச் சொன்னவன் நான். ஓவனுக்குப் பக்கத்தில் நின்றே தலை நரைத்தவன். என் கண்ணுக்கு அது தெரியவில்லை என்றால் என்னைப் போன்ற ஒரு முட்டாளை அம்பத்தூர் எஸ்டேட் பார்த்திருக்காது. அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுத்து வரவில்லை.

நாலாவது வரி

அப்படித்தான் அதே வண்டியில் குமணன்சாவடிக்குப் போய், அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாத்திமா நீட்டிய போனை வாங்கி நாலாவது வரியைப் படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அந்த மஞ்சத் துணி நான் போய் வாங்கியாந்தது சார்" என்றார் பாத்திமா. "சாமிய ஒட்டுத் துணியில சுத்தக் கூடாதுன்னு இவருதான் அனுப்புனாரு. உங்க ஃப்ளாட்டு ஆறு வண்டியும் வர்ல. அத வுடுங்க. இங்க பத்து வருசமா வந்துகினு இருந்தவங்க, நம்மகிட்ட நல்லா பேசுறவங்க, போன் பண்ணி இன்னா பாய் இப்டின்னு கேக்குறாங்க. அதுக்கு இன்னா சொல்றது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். திக்கித் திக்கித்தான் கேட்டேன்.

ஜாபர் அப்போதுதான் வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நேராக வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்து, எழும்பி நின்ற தோலை இரண்டு விரலால் நெருடினார்.

"தோலு நல்ல தோலு சார். இத்த இனி ஒண்ணும் பண்ண முடியாது. புதுசுதான் போடணும்."

"போட்டுக் கொடுப்பீங்களா பாய்?"

அவர் பாத்திமாவைப் பார்த்தார். பாத்திமா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "போடலாம். ஆனா இங்க வாணாம். சாரோட ஃப்ளாட்டு வாசல்ல வெச்சு, அதே மாரி போடலாம். நாலு நாளு. அங்க படிச்சவங்க எல்லாரும் வந்து பாக்கட்டும்."

நாலு நாள்

மறுபடி பெரியமேடு போய் வந்தோம். ஃப்ளாட்டின் வாசலுக்கு நேரே, விருந்தாளிகள் வண்டி நிறுத்தும் இடத்தில், சரியான வெயிலில் என் பத்மினி நின்றது. நனைத்த தோல், மணல் பை, அதே துணி கிளிப். ஜாபர் தினமும் காலையில் வந்து தோலைக் கொஞ்சம் இழுத்து, கிளிப்பை மாற்றிப் போட்டுவிட்டுப் போவார்.

குழுவில் நான் ஒரு மன்னிப்புப் பதிவு போட்டேன். உண்மையாகவே உழைத்து எழுதினேன். நாலு பேர் கை தட்டினார்கள். அதில் ஒருத்தி விமலா. 'வடாம்' என்று எழுதியபோது கண்ணில் நீர் வரச் சிரித்த பேர்வழிகளெல்லாம் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜாபர் பன்னிரண்டரைக்குக் கிளம்பிப் போனார். ஒரு மணிக்கு என் போன் அடித்துக்கொண்டது. குழுவில் புதிதாகக் குடிவந்த யாரோ என் வண்டியின் போட்டோவைப் போட்டு, "இது யாருடையது? வெயிலில் போட்டுவிட்டு ஆளே காணோம்" என்று எழுதியிருந்தார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனேன். வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். தென்காசிக்காரர் செந்தில், ஐடியில் வேலை, ஆறு பேரில் முதலில் ஆர்டரை ரத்து செய்தவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"சார், ஏன் சார் இப்படி வெயில்ல காயப் போட்டிருக்கீங்க?"

"இங்க வேகலன்னா வெளிய உரியும் தம்பி" என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன், மஞ்சள் துணியையும் சேர்த்து. ஜாபர் திரும்பி வரும்வரை பதினோரு பேரிடம் சொன்னேன். தலை கிறுகிறுத்தது. செந்தில் மட்டும் அப்போதே ஜாபரின் நம்பரை வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் அப்படியா என்று கேட்டுவிட்டு லிப்டுக்குப் போனார்கள்.

ஐந்தாம் நாள் பாத்திமாவும் வந்தார். தையலை அவர் போட, ஜாபர் ஒட்டினார். விரலால் நீவி நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல். அந்தத் தோல் இன்று வரை ஒரு நூல்கூட அசையவில்லை. குமணன்சாவடியில் அந்த இரண்டாவது ஷட்டரில் மட்டும் இன்னும் கரும்பு ஜூஸ்தான் போடுகிறார்கள்.

எல்லாம் முடிந்து அவர் கை துடைத்துக்கொண்டிருந்தபோது, விமலா மாடியிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்தாள். அதே மஞ்சள் துணியில். நான் வாங்கி ஜாபரிடம் நீட்டினேன்.

"நீங்களே ஒட்டிடுங்க பாய். உங்க கைதான் நேரா வைக்கும்."

ஜாபர் இரண்டு கையையும் துணியில் மறுபடி துடைத்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்து எனக்கு வழி விட்டார்.

"வாணாம் சார். அத்த மட்டும் நீங்களே வெச்சுடுங்க."

குரலில் கோபம் இல்லை. பாத்திமா நூல்கண்டுகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

நான்தான் ஒட்டினேன். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துவிட்டது. ஆவடிக்குப் போனாலும் அம்பத்தூருக்குப் போனாலும் கண்ணெதிரே அப்படித்தான் இருக்கிறார்.